இரட்டையரைப் பிரித்த இரசாயன அறிஞர் வெல்ஸ்பாக்

எமது கல்லூரியிலே நவராத்திரி விழா நடைபெறும் இரவுகளைப் பழைய மாணவர் எவரும் மறந்திரார். அவற்றுள்ளும், 1990ஆம் ஆண்டு முதலாகச் சில ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்த காலத்து இரவுகள் எம் நெஞ்சில் ஆழப் பதிந்துள்ளன. அக்காலத்தில் வீட்டிலே படிப்பதற்கு எமக்கு வாய்த்தது ஜாம் போத்தல் விளக்கு. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிருந்தமையால் அதன் திரியையும் எம் தாயார் தணித்தே வைப்பார். ஆயினும் விழா நாள்களில் மாத்திரம் கல்லூரி மண்டபத்திலே பெற்றோமக்ஸ் விளக்கு ஒன்று தொங்கும். பெரியவர் ஒருவர் அதற்குக் காற்றடிப்பார். இரைச்சலோடு சுடர் எழும். மாண்டில் எனப்படும் வலைப்பை வெண்ணிறமாய் ஒளிரும். மங்கிய சுடருக்குப் பழகிய எம் கண்கள் அவ்வொளியிலே கூசும்.

ஒருநாள் பூசை முடிந்து விளக்கு அணைந்தபின், எவரும் காணாத வேளையில், அவ்வலைப்பையை விரலால் தொட்டுப் பார்த்தோம். தொட்ட மாத்திரத்தே அது வெண்சாம்பலாய் உதிர்ந்து வீழ்ந்தது. புதிய மாண்டில் எளிதிற் கிடைக்காத காலம் அது. மறுநாட் பூசை குத்துவிளக்கின் ஒளியிலேயே நடைபெற்றது. அக்குற்றத்தை நாம் எவரிடமும் கூறினோமல்லேம்; இம்மலரிலேதான் முதன்முறையாக ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் அன்று எழுந்த வினா எம்மை விட்டு அகலவில்லை. சாம்பல் எங்ஙனம் ஒளி தரும்? அச்சாம்பல் யாது? அதனைக் கண்டவர் யாவர்?

தமிழாசிரியர் ஒருவர் இரசாயன அறிஞர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுந்தமைக்கு இதுவே காரணம். மற்றொரு காரணமும் உண்டு. பரீட்சைக்கு வாராத பாடப்பகுதி ஒன்றை நடத்தத் தொடங்கியபோது, இதனாற் பயன் என்ன என்று மாணவன் ஒருவன் எம்மிடம் வினவினான். மரியாதையோடுதான் வினவினான், ஆயினும் தக்க விடையை நாம் அன்று கூறவில்லை. பின்வரும் வரலாறு அம்மாணவனுக்கு நாம் அளிக்கும் விடையெனக் கொள்க.

பிறப்பும் கல்வியும்

கார்ல் அவுவர் வொன் வெல்ஸ்பாக் என்பார் 1858ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் முதலாந் திகதி ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவிலே பிறந்தார். தந்தையார் அலோயிஸ் அவுவர், அந்நாட்டு அரசாங்க அச்சகத்தின் பணிப்பாளர். மரத்தின் இலையையே அச்சுக்கு மூலமாக வைத்து, அதன் நரம்பு தவறாமல் தாளிலே பதிக்கும் முறையொன்றை விருத்திசெய்து புகழ் பெற்றவர் அவர். அவர் பணியை மெச்சிய பேரரசு 1860இல் அக்குடும்பத்தை உயர்குடியிற் சேர்த்து, வெல்ஸ்பாக் என்னும் சிறப்புப் பெயரையும் அளித்தது. கார்ல் பதினொரு வயதினை எய்து முன்னரே, 1869இல், தந்தையார் காலமானார்.

பள்ளிக் கல்வியும் படைச்சேவையும் முடிந்தபின் வியன்னாவிலே உயர்கல்வி தொடங்கிய கார்ல், 1880இல் ஜேர்மனியிலுள்ள ஹைடல்பேர்க் சர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கே அவருக்கு ஆசிரியராய் வாய்த்தவர் ரொபேட் பன்சன். எமது கல்லூரி ஆய்வுகூடத்திலே மாணவர் நாடோறும் கையாளும் பன்சன் சுடரடுப்பிற்குப் பெயர் தந்தவர் அவரே. அச்சுடரின் சிறப்பு அதற்கு ஒளியின்மையே. வெப்பம் மிகுதி, வெளிச்சமோ மிகக் குறைவு. ஆதலின் அதனுள் யாதேனும் ஓர் உப்பை இட்டால், அவ்வுப்பிலுள்ள மூலகத்திற்குரிய நிறம் தெளிவாகத் தோன்றும். அந்நிறத்தை நிறமாலையாகப் பிரித்து, ஒளிவரைகளைக் கொண்டு மூலகத்தை இனங்காணும் முறையைப் பன்சனும் கேர்ச்சோபும் 1859, 1860ஆம் ஆண்டுகளிலே நிறுவியிருந்தனர். ஆசிரியரிடம் அம்முறையைக் கற்ற கார்ல் 1882இல் கலாநிதிப் பட்டம் பெற்று வியன்னாவுக்கு மீண்டார். மீண்டவர் பெரும் பதவியை நாடவில்லை. பேராசிரியர் அடோல்வ் லீபனின் ஆய்வுகூடத்திலே ஊதியம் பெறாத உதவியாளராய் அமர்ந்து, அருமண்களை ஆராயத் தொடங்கினார்.

இரட்டையர் பிரிந்தமை

அருமண் என்பது யாதென ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். முற்காலத்து இரசாயனர் உலோகங்களின் ஒட்சைட்டுகளை மண் என வழங்கினர். சுவீடன் நாட்டிலே அரிதாய்க் கிடைத்த சில கனிப்பொருள்களினின்று பெறப்பட்டமையின் இவை அருமண் எனப்பட்டன. இன்று இத்தொகுதியில் 17 மூலகங்கள் உளவென அறிவோம். உண்மையில் இவற்றுட் பல அரியனவும் அல்ல. புவியோட்டிலே ஈயத்தினும் வெள்ளீயத்தினும் நெயோடிமியம் மிகுதியாக உள்ளது. அரிதாவது அவற்றை ஒன்றினின்று ஒன்று பிரித்தலே. ஒரு மூலகம் பிறவற்றோடு சேருந் தன்மையை அதன் அணுவிலே புறத்தேயுள்ள இலத்திரன்கள் தீர்மானிக்கின்றன. அருமண்களிலே புறத்து இலத்திரன்கள் ஏறத்தாழ ஒரே வகையாய் அமைய, வேற்றுமை உள்ளோட்டில் மறைந்து கிடக்கின்றது. ஆதலின் அவை ஒரே கனிப்பொருளில் ஒன்றுகூடி உறைகின்றன, ஒரே அமிலத்தில் ஒருங்கே கரைகின்றன, ஒருங்கே படிகின்றன.

சுவீடன் நாட்டு அறிஞர் மொசாண்டர் 1841இலே இத்தகைய மண்ணொன்றினின்று புதிய மூலகம் ஒன்றைக் கண்டதாகக் கருதி, அதற்கு இரட்டை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் டிடிமியம் எனப் பெயரிட்டார். இலந்தனம் என்னும் மூலகத்தோடு பிரியாது நின்றமையால் இப்பெயர் வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடநூல்கள் டிடிமியத்தையும் மூலகமென்றே கூறின. எனினும் அதன் நிறமாலையைக் கூர்ந்து நோக்கிய சிலர்க்கு ஐயம் பிறந்தது.

அவ்வையத்தைத் தீர்க்க வெல்ஸ்பாக் மேற்கொண்ட வழி பகுதிபடப் பளிங்காக்கல் என்பதாம். டிடிமியத்தை அமோனியம் நைத்திரேற்றோடு சேர்ந்த இரட்டையுப்பாக்கி, அதனைக் கரைத்துச் சிறிது சிறிதாகப் பளிங்காக்கினார். முதலிற் பளிங்காவதில் ஒரு கூறு இம்மியளவு மிகும். எஞ்சிய கரைசலில் மற்றைக் கூறு இம்மியளவு மிகும். பளிங்கை மீண்டுங் கரைத்து மீண்டும் பளிங்காக்க வேண்டும். கரைசலை மீண்டும் வற்றச்செய்து மீண்டும் உறைவிக்க வேண்டும். ஒருமுறை இருமுறையல்ல, நூறு முறைக்கு மேலாக இவ்வேலையைச் செய்தார். ஒவ்வொரு முறையும் கண்ட முன்னேற்றம் கண்ணுக்குப் புலனாகாதது. நிறமாலையில் மாத்திரமே தெரியத்தக்கது. எறும்பூரக் கல்லுந் தேயும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை நாம் அறியோம்.

ஈற்றிலே ஒரு பாத்திரத்திற் பச்சை நிறப் பளிங்குகளும் மற்றொன்றில் இளஞ்செந்நீல நிறப் பளிங்குகளும் நின்றன. டிடிமியம் ஒரு மூலகமன்று, இரண்டு. 1885ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே இம்முடிபை வியன்னா விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. பச்சை உப்புத் தருவதற்குப் பச்சை இரட்டை எனப் பொருள்படப் பிரசியோடிமியம் என்றும், மற்றையதற்குப் புதிய இரட்டை எனப் பொருள்பட நெயோடிமியம் என்றும் இன்று வழங்கும் பெயர்கள் அவர் இட்ட பெயர்களின் குறுகிய வடிவங்களே. சிலர் இதனை நம்பத் தயங்கினர். ஆனால் டிடிமியத்தைத் தாமே நெடுங்காலம் ஆராய்ந்திருந்த முதிய பன்சன், தம் மாணாக்கரின் முடிபை ஏற்றுப் பாராட்டினார். தாம் காணாததைத் தம் மாணாக்கர் கண்டமைக்கு மகிழ்தல் ஆசிரியர்க்கு அழகு.

இனி, நெயோடிமியத்தின் இயல்பைச் சிறிது கூறுவாம். அதன் அணுவெண் 60. வெள்ளிபோன்ற நிறமுடைய உலோகம். நீரைப்போல் ஏழு மடங்கு அடர்த்தியுடையது. உருகுநிலை ஏறத்தாழ 1,020 பாகை சதமவளவை. காற்றுப்பட்டால் விரைவில் ஒளி மங்கும். இரும்பிற் பிடிக்கும் துருவைப் போலவே இதன் மேற்படலமும் உரிந்து வீழ்ந்து, உள்ளிருக்கும் உலோகத்தை மீண்டுங் காற்றுக்குக் காட்டும். ஆதலின் அதனை எண்ணெயுள்ளோ காற்றுப்புகாத கலத்துள்ளோ வைத்துப் பேணுவர். அதன் உப்புகள் செந்நீலஞ் சார்ந்த நிறத்தன. அவை மஞ்சள் ஒளியைக் குறுகிய ஒரு பட்டையாய் உறிஞ்சி, ஏனை நிறங்களிற் பெரும்பகுதியைச் செல்லவிடுவன.

இத்துணை இயல்பும் தெரிந்தன. பயன் மாத்திரம் தெரியவில்லை. 1885இலே இதனாற் பயன் என்ன என்று எவரேனும் வினவியிருப்பின், வெல்ஸ்பாக்கிடம் விடை இருந்திராது. எம் மாணவன் வினவிய வினாவும் இதுவேயன்றோ!

ஒளிர்ந்த சாம்பல்

அருமண் உப்புகளின் நிறமாலையை ஆராயும்போது சுடரிலே ஒளி மேலும் பரந்து தோன்றினால் நோக்குதற்கு எளிதாகும் என வெல்ஸ்பாக் எண்ணினார். ஆகவே பருத்தி நூலை உப்புக் கரைசலில் நனைத்துச் சுடரிலே பிடித்தார். பருத்தி எரிந்தொழிந்தது, அதனிடத்தே ஒட்சைட்டு, நூலின் வடிவத்தை விடாது நின்று ஒளிர்ந்தது. நாம் சிறுவயதில் வியந்த சாம்பல் இதுவே. ஒளியற்ற ஆசிரியரின் சுடரை மாணாக்கர் ஒளியுடையதாக்கிய கதை இங்கே தொடங்குகின்றது.

அக்காலத்து நகரங்களிலே வாயுவிளக்கு எரிந்தது. அதன் ஒளி மஞ்சளாயும் மங்கலாயும் இருந்தது. வாயுவும் மிகச் செலவாயிற்று. எடிசனின் மின்குமிழோ 1879 முதல் வாயுவிளக்கை வீழ்த்த முனைந்து நின்றது. 1885இலேயே வெல்ஸ்பாக் தம் வலைப்பைக்கு ஆக்கவுரிமை பெற்று, வியன்னாவை அடுத்த அட்ஸ்கேர்ஸ்டோர்வ் என்னும் இடத்திலே தொழிற்சாலையுங் கண்டார். மகனீசியம், இலந்தனம், இற்றியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுகளாலான அப்பைகள் பச்சை சார்ந்த ஒளியைத் தந்தன. முகம் வெளிறித் தோன்றும் அவ்வொளியை மக்கள் விரும்பவில்லை. பைகளும் எளிதில் உடைந்தன. 1889இல் தொழில் நின்றது, தொழிற்சாலை மூடப்பட்டது.

வேறொருவராயின் அத்தோடு ஆய்வுகூடத்துக்குத் திரும்பியிருப்பர். வெல்ஸ்பாக்கோ மூடிய தொழிற்சாலையைத் தாமே வாங்கி, அதனுள்ளேயே ஆய்வைத் தொடர்ந்தார். தோரியம் ஒட்சைட்டு நன்கு ஒளிர்வதைக் கண்டு, அதனை மேலுந் தூய்மையாக்கினால் மேலும் ஒளிரும் எனக் கருதித் தூய்மையாக்கினார். நிகழ்ந்ததோ மறுதலை. தூய்மை மிக மிக ஒளி குன்றிற்று. அவரும் உடனாய்வாளர் லூட்விக் ஹைட்டிங்கரும் இதற்குக் காரணந் தேடி, மாசென்று தாம் நீக்கிய சீரியமே ஒளிக்கு வேராயிருந்ததை உணர்ந்தனர். எனினும் சீரியம் மிகுந்தாலும் ஒளி கெடும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஒட்சைட்டும் ஒரு பங்கு சீரியம் ஒட்சைட்டும் என்பதே ஈற்றிற் கண்ட அளவு.

1891ஆம் ஆண்டு நவம்பர் 4ஆந் திகதி வியன்னாவிலே ஒபரா அரங்கை அண்டிய கோப்பிக் கடையொன்றின் முன்னர் இப்புதிய விளக்குகள் ஏற்றப்பட்டன. வெண்ணிற ஒளி வீதியிலே பரந்தது. முன்னர் வாங்க மறுத்த மக்களே இப்போது தேடி வாங்கினர். சில ஆண்டுகளிலே ஐரோப்பிய நகரங்கள் பலவற்றின் தெருக்களில் வெல்ஸ்பாக்கின் வலைப்பைகள் ஒளிர்ந்தன. மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தால் ஆவியாக்கி எரிக்கும் விளக்குகளிலும் அவை இடம்பெற்றமையால், மின்கம்பி எட்டாத ஊர்களுக்கும் அவ்வொளி சென்றது. ஜேர்மனியிலே தோன்றிய பெற்றோமக்ஸ் அவற்றுள் ஒன்று. எங்கள் கோயில் வீதிகளிலும் கலியாணப் பந்தல்களிலும் நாட்டுக்கூத்து மேடைகளிலும் எரிந்த ஒளி இதுவே.

இவ்விடத்தே எம் நாடுகளுக்கும் இவ்வரலாற்றுக்கும் உள்ள தொடர்பைக் கூறல் தகும். வலைப்பைக்கு வேண்டிய தோரியம் மொனசைற்று என்னும் மணலிற் கிடைக்கும். தொடக்கத்திலே பிரேசில் நாட்டுக் கடற்கரையினின்று அது மிகுதியாகப் பெறப்பட்டது. 1909இல் ஷொம்பேர்க் என்னும் ஜேர்மானிய இரசாயனர், திருவிதாங்கூரினின்று வந்த தும்பிலே ஒட்டியிருந்த மணலில் மொனசைற்றுக் கலந்திருத்தலைக் கண்டு, அதன் வழிபற்றித் தேடி வந்தார். இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சிக் கரையிலே அம்மணலை அகழும் தொழில் அவ்வாறே தொடங்கியது. அதற்கு முன்னரே, 1904இல், இலங்கையின் பலாங்கொடைப் பகுதியிலே தோரியனைற்று என்னும் கனிப்பொருள் வெளிப்பட்டது. அதில் பாதிக்கு மேலாகத் தோரியம் ஒட்சைட்டே உள்ளது. அக்காலத்து இலங்கைக் கனிப்பொருளாய்வின் பணிப்பாளராயிருந்து அதனை ஆராய்ந்தோருள் ஒருவர், பின்னாளிற் கலையுலகம் போற்றிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களே.

கழிவினின்று பிறந்த தீப்பொறி

மொனசைற்றிலே தோரியம் சிறுபங்கு. பெரும்பங்கு சீரியம், இலந்தனம், நெயோடிமியம் முதலிய அருமண்களே. தோரியத்தை எடுத்தபின் இவை தொழிற்சாலைப் புறத்தே கழிவாய்க் குவிந்தன. செல்வம் பெருகிய ஒருவர் அக்குவியலைக் காணாதிருத்தல் எளிது. வெல்ஸ்பாக் கண்டார். அவ்வருமண்களைக் கலந்தபடியே உலோகமாக்கி, நூற்றுக்கு முப்பது பங்களவில் இரும்பு சேர்த்தார். அக்கலப்புலோகத்தை உராய்ந்தால் உதிருந் துகள்கள் காற்றிலே தாமே தீப்பற்றிப் பொறியாகும். 1903இல் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். கரிந்தியா மாகாணத்து ட்ரைபாக் என்னும் ஊரிலே இதற்கென அமைந்த தொழிற்சாலை 1907இலே தனிக் கம்பனியாயிற்று. இன்று லைற்றரிலே நாம் உராய்க்குந் தீக்கல் இதுவே. நெயோடிமியம் உலகத்தோர் கைக்குப் பரவலாகச் சென்றது இவ்வழியாகத்தான். ஆயினும், பலவற்றுள் ஒன்றாய்க் கலந்து, பெயரறியப்படாமலே சென்றது.

மின்குமிழ் வாயுவிளக்கின் பகையாயிருந்தும் அதனையும் அவர் வெறுத்தாரல்லர். அக்காலத்து மின்குமிழின் கரியிழை எளிதிற் கெடுவதாயிருந்தது. மிகவுயர்ந்த வெப்பத்திலும் உருகாத ஒசுமியம் என்னும் உலோகத்தால் இழை செய்யும் வழியை 1898இலே கண்டார். உலோக இழை மின்குமிழுக்கு அது முன்னோடியாயிற்று. ஒசுமியம் அரிதாகையால் பின்னர்த் தங்குதன் அவ்விடத்தைப் பெற்றது. இவ்விரு உலோகங்களின் பெயர்களையும் இணைத்து 1906இல் எழுந்த ஒஸ்ராம் என்னும் வணிகப் பெயர் இன்றும் வழங்குகின்றது. தம் வலைப்பைக்கு இறுதி தேடும் பொருளைத் தாமே ஆக்கிய மனத்திண்மை வியத்தற்குரியது.

பெருமையும் வழக்கும்

1901இலே பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்தார். மேலும் ஒளி வேண்டும் என்னுங் கருத்துடைய இலத்தீன் சொற்கள் அவர் குலச்சின்னத்திற் பொறிக்கப்பட்டன. 1899இல் மாரி நிம்ப்வரை மணந்து நான்கு மக்களுக்குத் தந்தையாயினார். கரிந்தியாவிலே தாம் கட்டிய மாளிகையிலும் ஆய்வுகூடம் ஒன்றை அமைத்துக்கொண்டார். தோட்டக்கலையும் நிழற்படக்கலையும் அவர் ஓய்வுவேளைகளை நிரப்பின.

இன்பமேயன்றித் துன்பமும் வந்தது. இற்றேபியம் எனப்பட்ட மூலகமும் இரண்டின் கலப்பே எனக் கண்டு, அவற்றுள் ஒன்றுக்குக் கசியோப்பியம் எனப் பெயரிட்டார். 1907இலே பிரான்சு நாட்டு ஊர்பான் என்பாரும் இதே முடிபை வெளியிட்டு, லுற்றீசியம் எனப் பெயர் கூறினார். முதலிற் கண்டவர் யார் என்னும் வழக்கு எழுந்தது. 1909இல் அணுநிறைகளுக்கான அனைத்துலகக் குழு ஊர்பானுக்குச் சார்பாய்த் தீர்த்தது. அக்குழுவின் உறுப்பினர் நால்வருள் ஊர்பானும் ஒருவர்! வெல்ஸ்பாக்கின் மாதிரிகளே அம்மூலகம் மிகுந்தனவாயிருந்தன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஜேர்மன் மொழி வழங்கும் நாடுகளிற் பலர் ஏறத்தாழ 1950 வரையும் அவர் இட்ட பெயரையே வழங்கினர். இன்று உலகெங்கும் நிலைபெற்ற பெயரோ லுற்றீசியமே.

இத்தீர்ப்பு அவர் ஆய்வை நிறுத்தவில்லை. பெரும் முயற்சியாற் பிரித்த தூய அருமண் மாதிரிகளையும் கதிர்த்தொழிற்பாடுடைய பொருள்களையும் பிறநாட்டு ஆய்வாளர்க்கும் அவர் வழங்கி உதவினார். 1929ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4ஆந் திகதி, எழுபத்தொராம் பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்னதாக, தம் மாளிகையிலே உயிர் நீத்தார். 1956இலே வெளிவந்த ஒஸ்திரியாவின் 20 சிலிங் தாளிலும், அவர் பிறந்த நூற்றாண்டாகிய 1958இலே வெளிவந்த 25 சிலிங் நாணயத்திலும் அந்நாடு அவர் உருவைப் பொறித்தது.

புதிய இரட்டையின் பெருவாழ்வு

வெல்ஸ்பாக் மறைந்தபோது நெயோடிமியத்திற்கெனத் தனிப்பட்ட பயன்கள் சிலவே இருந்தன. கண்ணாடிக்கு ஊதாநிறம் ஊட்டுதல் அவற்றுள் ஒன்று. கண்ணாடி உருக்குவோர் அணியும் டிடிமியக் கண்ணாடி மற்றொன்று. உருகுங் கண்ணாடியிலுள்ள சோடியம் வீசும் மஞ்சள் ஒளியை அஃது உறிஞ்சுதலால் தொழிலாளி தன் வேலையைத் தெளிவாகக் காண்பான். இரண்டாம் உலகப்போரை அடுத்த ஆண்டுகளில் அயன்மாற்று முறை வந்தபின்னரே அருமண்களைப் பெருமளவிலே தனித்தனி பிரித்தல் எளிதாயிற்று. வெல்ஸ்பாக் நூறு முறை பளிங்காக்கிப் பெற்ற பொருளைக் கடைச்சரக்காகப் பெறும் நிலை அதன்பின்னரே வந்தது.

1964இலே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார், இற்றியமும் அலுமினியமுங் கொண்ட பளிங்கிலே சிறிது நெயோடிமியத்தைச் சேர்த்து லேசர் ஒளியை ஆக்கினர். எம் பழைய மாணவருள் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெரியோர் பலர் இருப்பர். அவர்களுள் சிலர்க்குச் சில மாதமோ ஆண்டோ சென்றபின் புதிய வில்லையின் பின்னுள்ள மென்றோல் மங்கிப் பார்வை குன்றும். கத்தி படாது நொடிப்பொழுதில் அதனைத் திறக்க மருத்துவர் கையாளுவது இந்த லேசர் ஒளியே. இரசாயன ஆய்வுகூடத்திலே பிறந்த இளஞ்செந்நீலப் பளிங்கு முதியவர் கண்ணுக்கு மீண்டும் ஒளி தருகின்றது.

1983இலே யப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜோன் குரோட்டும் தனித்தனியே ஒரே பொருளை வெளிப்படுத்தினர். இரண்டு நெயோடிமிய அணுக்களுக்குப் பதினான்கு இரும்பணுக்களும் ஒரு போறன் அணுவுமாக அமைந்த அக்கலவை, வணிகத்தில் வழங்கும் நிலைக்காந்தங்களுள் மிக வலியது. அருமண் அணு காந்தத்தின் திசையைப் பளிங்கினுள் இறுகப் பற்றிக்கொள்ள, இரும்பு வலிமையைத் தருகின்றது. எளிதிற் காற்றாற் கெடுமாதலின் அதன்மேல் நிக்கல் பூசுவர். வெப்பம் மிகுந்தால் வலியிழக்குமாதலின், சூடேறும் இயந்திரங்களுக்கு உரியவற்றிலே டிஸ்புரோசியம் என்னும் வேறோர் அருமண்ணைச் சிறிது சேர்ப்பர். கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கி, கணினியின் வன்தட்டு, மின்மோட்டார் வண்டி, பல காற்றாலைகளின் மின்பிறப்பாக்கி ஆகியவற்றுள் எல்லாம் இக்காந்தம் இருக்கின்றது. இம்மலரை வாசிப்போருட் பலர் சட்டைப்பையிலே நெயோடிமியத்தைச் சுமந்தபடியே வாசிக்கின்றனர்.

இப்பெருவாழ்வில் இடர்களும் உள. இற்றை நாளில் அருமண்களைத் தூய்மையாக்கும் தொழிலின் பெரும்பங்கு சீன நாட்டிலேயே நடைபெறுதலின், 2010இலே யப்பானுக்கான ஏற்றுமதி தடைப்பட்டபோது உலகச் சந்தை கலங்கியது. பிரித்தெடுக்குங்கால் அமிலநீரும் தோரியங் கலந்த கழிவும் மிகுகின்றன. அன்று வலைப்பைக்காகத் தோரியத்தை எடுத்து நெயோடிமியத்தைக் குவித்தனர். இன்று நெயோடிமியத்தை எடுத்துத் தோரியத்தைக் குவிக்கின்றனர். காலம் மாற, கழிவும் பொருளும் தம்முள் இடம் மாறின. தோரியம் மெல்லிய கதிர்த்தொழிற்பாடுடையதாகையால் வலைப்பை செய்வோர் பலர் அதனை விடுத்து இற்றியத்தைக் கையாளுகின்றனர். நாம் சிறுவயதில் விரலால் உதிர்த்த சாம்பலும் பெரும்பாலும் தோரியமே. தொடாதே என்று பெரியோர் கூறியதற்கு அவர்களும் அறியாத ஒரு காரணம் இருந்தது!

மாணவ நண்பர்களே, இதனாற் பயன் என்ன என்னும் வினா தவறானதன்று. ஆனால் விடை கேட்ட அன்றே வரவேண்டும் என்று வற்புறுத்துதல் தவறு. நெயோடிமியம் அவ்வினாவுக்கு முழு விடை தருவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் சென்றன. கண்டவர் அவ்விடையைக் கேட்க இருந்தாரல்லர். எனினும் பயன் தெரியவில்லையென அவர் ஒரு பளிங்காக்கலையேனும் குறைத்தாரல்லர். மூடிய தொழிற்சாலையை விட்டு ஓடினாரல்லர். கழிவென்று குவிந்ததைக் காணாது சென்றாருமல்லர்.

வகுப்பறையிலும் வெவ்வேறு இயல்புடைய மாணவர் ஒரே சீருடையில் ஒன்றுபோல் அமர்ந்திருக்கின்றனர். அவரவர் நிறத்தைப் பொறுமையோடு பிரித்துக் காணுதலே எம்மனோரின் தொழில். ஒருவனது பயன் இன்று தெரியவில்லையாயின், அவன் பயனற்றவன் என்று முடிவு கூற எமக்கு உரிமையில்லை. யூபிலி காணும் எமது கல்லூரி இதனை மறவாது நெடுங்காலம் ஒளி வழங்குவதாக. உதிர்த்த மாண்டிலுக்கு ஈடாக இக்கட்டுரையைக் கல்லூரி ஏற்றருளுமாக.